லைனுக்குக் கீழே

‘பேங்க்’ என்ற சொல்லை வைத்துப் பாடத்தைத் தொடங்காதீர்கள். புதிதாக ஆங்கிலம் கற்பிக்க வந்திருக்கும் உங்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான். பல பொருள் தரும் சொற்கள் என்றதும் எல்லாப் பாடநூல்களும் பேங்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. ஆற்றங்கரையும் பேங்க், பணம் போடும் இடமும் பேங்க் என்று கரும்பலகையில் இரண்டு படம் வரைந்தால் பாடம் முடிந்தது. ஆற்றங்கரையில் போய் நின்று பாஸ் புத்தகத்தை நீட்டிய மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்களும் பார்க்கப் போவதில்லை. யாரும் வழுக்காத இடத்தில் கைப்பிடி கட்டிக் கொடுப்பது நம் தொழிலில் ஒரு பழக்கமாகிவிட்டது. அதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

தொண்ணூற்றிரண்டில், இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்தில், கலவானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். இரண்டாயிரத்து ஒன்பதில் அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். இடையில் பல வருடங்கள், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடத்தினேன். ‘அட்வான்ஸ் கிளாஸ்’ என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். இலக்கணத்தில் தேறியவர்கள், ஆங்கிலப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் வாசித்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு என்ன கற்பிப்பது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பொருள்களோடுதான் பிறக்கிறார்கள். ‘பார ஒடஞ்சிருச்சு டீச்சர்’ என்று பிந்தி வந்த பிள்ளை சொன்னால், மலையில் பாறை உடைந்ததா, சாலை உடைந்ததா என்று நான் கேட்டாக வேண்டும். சிங்களத்தில் பார என்றால் சாலை. வீட்டில் தமிழ், கடையில் சிங்களம், தோட்டத்து வேலையில் துரைமார் விட்டுப்போன ஆங்கிலம். இந்த மூன்றாவதுதான் வகுப்பில் என்னைப் படாத பாடு படுத்தியது.

ஒருமுறை வாசிப்புப் பகுதியில் ‘பாஸ் மஸ்டர்’ என்ற தொடர் வந்தது. ஒன்று தேறியது, ஏற்றுக்கொள்ளத் தக்கது என்பது அதன் பொருள். ‘அந்தக் கட்டுரை பெரட்டுக்களத்தைத் தாண்டிப் போகவில்லை’ என்று ஒரு மாணவன் மொழிபெயர்த்துவிட்டான். தோட்டத்தில் மஸ்டர் என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம். “கட்டுரை எப்படிப்பா நடந்து போகும்?” என்று கேட்டேன். “யாராச்சும் எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க டீச்சர்” என்றான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன். அவன் சொல் தெரியாமல் தவறவில்லை. அந்தச் சொல் அவனுக்கு அளவுக்கு மீறித் தெரிந்திருந்தது.

அந்த வகுப்பில் யோகேஸ்வரி என்று ஒரு பெண் இருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு எதிர் மலையில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இரண்டில், மேல் லயத்தில் குடியிருந்த ஆறுமுகத்தின் மகள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. வாரம் முழுதும் குழந்தைகளைத் தாலாட்டிவிட்டுச் சனிக்கிழமை வந்து முன்வரிசையில் உட்காருவாள். வகுப்பில் என்னோடு வாதம் செய்யும் ஒரே ஆள் அவள்தான். ‘லைன்’ என்ற சொல்லைக் கொடுத்துப் பொருள் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள். கோடு, வரிசை, தூண்டில் கயிறு, பாட்டின் வரி, தொலைபேசித் தொடர்பு, செய்யும் தொழில், கடைசியில் தோட்டத்து லைன், அதாவது நம் லயம். மற்றவர்கள் லயத்தில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுவார்கள்.

ஆறுமுகத்துக்கு மகளின் ஆங்கிலத்தில் தலைகால் புரியாத பெருமை. மனிதர் கொழுந்து நிறுக்கும் இடத்திலும், கடையிலும், கோயில் வாசலிலும் அதையேதான் பேசுவார். “எம்புள்ள இங்கிலீசு பேசுனா தொரைக்கே வேர்க்கும்” என்பார். யோகேஸ்வரி வெட்கப்பட்டு, “சும்மா இருங்கப்பா” என்று கையைப் பிடித்து இழுப்பாள். அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

இரண்டாயிரத்து மூன்றின் வைகாசி மழையைப் பற்றி இரத்தினபுரி மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மழை ஒருநாள் சற்று ஓய்ந்த காலைப்பொழுதில், ஒரு நிவாரண அமைப்போடு வந்திருந்த வெள்ளைக்காரப் பொறியியலாளர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். கூட வந்த அதிகாரி, தோட்டத்துக்கு வரும் சாலையில் உடைந்து கிடந்த பாலத்தடியிலேயே நின்றுவிட்டார். தோட்டத்தை நடத்தும் துரையும் சின்னத்துரையும் தண்ணீர் புகுந்த தொழிற்சாலையில் இருந்தார்கள். வெள்ளைக்காரர், ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத சாரதியோடு மட்டும் மேலே ஏறி, தேயிலைக்கு நடுவே மண் வெடித்திருந்ததைப் பார்த்திருக்கிறார். முளை அடித்து, வெடிப்பின் நீளத்துக்கும் வெள்ளைக் கயிறு கட்டிவிட்டு, கீழே இறங்கி மேல் லயத்து வாசலுக்கு வந்திருக்கிறார். அவர் பேசியது யாருக்கும் விளங்கவில்லை. ஆறுமுகம் ஓடிப்போய் மகளைக் கூட்டிவந்தார்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை ஒதுக்கி, வெள்ளத்துக்குப் பயந்து வருகிறவர்கள் படுக்க இடம் செய்துகொண்டிருந்தேன். அங்கே நடந்ததைப் பிறகு யோகேஸ்வரி சொல்லித்தான் அறிந்தேன். ‘எவ்ரிபடி பிலோ த லைன் மஸ்ட் லீவ் டுடே’ என்றாராம் அவர், கையை மலைச்சரிவுக்குக் கீழே வீசி. அவள் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “லயத்துக்குக் கீழ இருக்கிறவங்க எல்லாரும் இன்னைக்கே கெளம்பணுங்கிறாரு.”

அவர்கள் நின்றது மேல் லயத்து வாசல். அதற்குக் கீழே கீழ் லயம், அதற்கும் கீழே ஓடை. ஓடை பெருகி வருவதைக் கண்ணாலேயே பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. கீழ் லயத்துச் சனங்கள் பாய் தலையணையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். மேல் லயத்துச் சனங்கள் மூட்டை தூக்கி அவர்களுக்கு உதவி செய்தார்கள். வெள்ளைக்காரர் ஆட்கள் நகர்வதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மழை மறுபடி பிடிப்பதற்குள் பாலத்துக்குத் திரும்பிவிட்டார்.

மதியத்துக்குப் பிறகு யோகேஸ்வரி பள்ளிக்கூடத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கையில் வாளி இருக்கிறது, கோப்பையை நீட்டிய பெண் எதிரே நிற்கிறாள், இவள் ஊற்றாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“டீச்சர், தொரமாரு நம்ம லயத்தச் சொல்றப்ப லைன்ஸுன்னுதான சொல்லுவாங்க? ஒத்தையா லைன்னு சொல்லுவாங்களா?”

“எதுக்குக் கேக்குற?”

“காலையில அவரு லைன்ஸுன்னு சொல்லல. த லைன்னாரு.”

பேசுவதற்கு முன்னால் அவர் என்ன செய்தார் என்று கேட்டேன். “மேல வெடிப்புல கயிறு கட்டிட்டு எறங்குனாரு” என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் மாறிப்போனது. அவர் கட்டிய கோடுதான் அந்த லைன் என்றால், அதற்குக் கீழே முதலில் இருப்பது மேல் லயம். போக வேண்டியவர்களைத்தான் நாம் அங்கேயே விட்டு வைத்திருக்கிறோம்.

“நிச்சயமாத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியல டீச்சர். ரெண்டு மாதிரியும் இருக்கலாம்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அகராதி நமக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. ஒரு சொல்லுக்குச் சரியான பொருள் எது என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்று நினைக்கிறோம். பாலம் உடைந்து கிடக்கிறது, பொறியியலாளர் போய்விட்டார், மழை கொட்டத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் இரண்டில் எது சரி என்று கேட்டுக்கொண்டிருந்தால் பதில் வராது. எது தவறானால் எவ்வளவு இழப்பு என்றுதான் கேட்க வேண்டும். லயத்தைச் சொல்லியிருந்தால் மேல் லயத்துச் சனங்களுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் கெடும். கயிற்றைச் சொல்லியிருந்து, நாம் சும்மா இருந்துவிட்டால், அவர்கள் இருக்கவே மாட்டார்கள்.

வேறு ஒரு யோசனையும் எனக்கு வந்தது, மறைக்கவில்லை. வெள்ளைக்காரர் புதிதாக ஆள் அனுப்பிச் சொன்னார் என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா? அந்தப் பெண் நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டியிருக்காது. அதை அவளிடம் சொன்னேன்.

“யாரு வந்து சொன்னான்னு கேப்பாங்களே டீச்சர். இந்த மழையில ஒடஞ்ச பாலத்தத் தாண்டி யாரும் வர முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும். ஒரு பொய்ய புடிச்சிட்டாங்கன்னா அப்புறம் நான் சொல்ற எதையும் கேக்க மாட்டாங்க.” தலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டாள். “நான்தான் சொன்னேன், நானே போய் மாத்திச் சொல்றேன்.”

அவள் சொன்னது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் சொல்லாமல் விட்ட அந்தப் பொய் இன்றும் என்னைத் தூங்கவிடாமல் செய்யும் நாட்கள் உண்டு.

நாங்கள் இருவரும் ஓடை மேல் கிடந்த நடைபாலத்தைத் தாண்டி ஏறினோம். மேல் லயத்து வாசல் தாழ்வாரத்தில் ஆறுமுகம் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். காலையில் நடந்ததைத்தான் சுற்றியிருந்தவர்களுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். “அவன் அப்புடி நிக்கிறான், எம்புள்ள இப்புடி நிக்குது. அவன் டஸ்ஸு புஸ்ஸுன்னு சொன்னத இது டக்குன்னு தமிழ்ல போட்டுச்சு பாரு!” எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார். “வாங்க டீச்சர், வாங்க. ஒங்க புள்ள பேசுனத நீங்க பாக்கலியே!”

யோகேஸ்வரி உட்காரவில்லை. “எல்லாரும் கொஞ்சம் கேளுங்க” என்றாள். “காலையில நான் சொன்னது தப்பு. லைனுன்னு அவரு சொன்னது நம்ம லயத்த இல்ல. மேல கட்டியிருக்காரே கயிறு, அதச் சொல்லியிருக்காரு. அதுக்குக் கீழ நாமதான் இருக்கோம். நாமளும் போகணும்.”

தொழிற்சங்கத் தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். “காலையில நீதான சொன்ன? இப்ப நீயே மாத்துற. வெள்ளக்காரன் திரும்பி வந்தானா?”

“வரல மாமா.”

“பெறகு எப்புடித் தெரியும்?”

“நெனச்சுப் பாத்தேன். அப்பத்தான் வெளங்குச்சு.”

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் குறுக்கே போனேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு என்றும், எது என்று எங்களுக்கே உறுதியாகத் தெரியாது என்றும், தெரியாததால்தான் இறங்கச் சொல்கிறோம் என்றும் சொன்னேன். படித்தவர் வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல் வந்ததும் கூட்டம் இன்னும் குழம்பியது. கடைசியில் பாக்கியம் என்ற பெண்தான் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். “ஒரு ராத்திரி பள்ளிக்கூடத்துல படுத்தா நமக்கு என்னா கொறஞ்சிரப் போகுது? அந்தப் புள்ள மொகத்தப் பாருங்க. வெளையாட்டுக்கா சொல்லுது?” அவள் முன்னே நடந்ததும் ஒவ்வொரு காம்பராவாகக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தலைவரும் முணுமுணுத்துக்கொண்டே தன் அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டார்.

ஆறுமுகம் மட்டும் அசையவில்லை.

“வாங்கப்பா.”

“நீ காலையில சொன்னதுதான் சரி, போ” என்றார்.

“இல்லப்பா, நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“எம்புள்ள தப்பாச் சொல்லாது.” கோபமே இல்லாமல், ஒரு சின்னப் பிள்ளையைத் தேற்றுவது போலத்தான் சொன்னார். “பயத்துல ஒளறுற. டீச்சரும் சேந்து ஒன்னயக் கொழப்பிட்டாங்க. நீங்க போங்க, நான் வீட்டப் பாத்துக்கிறேன். நாளைக்கு அவன் வருவான்ல, அவன் வாயாலயே கேப்போம். நீ மொத சொன்னதுதான் சரின்னு அவனே சொல்லுவான் பாரு.”

அவள் கையைப் பிடித்து இழுத்தாள், அழுதாள். நான் கெஞ்சினேன், கடைசியில் கத்தினேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே இருந்தார். மகள் ஊரார் முன்னால் தன்னைத் தானே சிறுமைப்படுத்திக்கொண்டதை அவரால் தாங்க முடியவில்லை என்று எனக்குத் தோன்றியது. அவர் அங்கே இருந்தது வீட்டுக்குக் காவலாக இல்லை. மகளின் முதல் சொல்லுக்குக் காவலாகத்தான் இருந்தார்.

அம்மாவையும் தம்பிமாரையும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்து அப்பாவைத் தூக்கியாவது கொண்டுபோகலாம் என்று யோகேஸ்வரி இறங்கினாள். ஆட்களும் சேர்ந்தார்கள். தலைவரே முன்னால் வந்தார். ஓடைக்கரையை அவர்கள் அடைந்தபோது மலை இறங்கிவிட்டது. பெரிய சத்தமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். லொறியில் இருந்து மணல் கொட்டுவது போலத்தான் இருந்தது, ஆனால் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. இருட்ட இன்னும் நேரம் இருந்ததால் எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்தோம். மேல் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் பாக்கியம் யோகேஸ்வரியின் காலடியில் குழந்தையோடு விழுந்து அழுதாள். உன்னால்தான் நாங்கள் இருக்கிறோம் என்று ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் பொறியியலாளர் வந்தார். நடந்ததை நான்தான் அவரிடம் சொன்னேன். தோட்டத்தில் லைன் என்றால் குடியிருக்கும் லயம் என்று அவருக்குத் தெரியாது. அவருடைய தொழிலில் நாள் முழுதும் புழங்கும் சொல் அது, அதற்கு வேறு பொருள் இருக்கும் என்று அவர் எதற்காக நினைக்கப் போகிறார்? தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சேற்றைப் பார்த்தபடி நின்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. சொல்கிறவருக்கும் பழகிய சொல், கேட்கிறவருக்கும் பழகிய சொல், இருவரும் தயங்காமல் கடந்து போனார்கள்.

கடினமான சொல் வந்தால் பிள்ளைகள் தானாகவே நிற்பார்கள். அதற்கு நீங்கள் தேவையில்லை. தெரிந்த சொல் வரும்போது நிற்கவைக்கத்தான் நீங்கள் வேண்டும். அதன் பிறகு நான் என் வகுப்பில் பொருள்களை மனப்பாடம் செய்யச் சொல்வதை விட்டேன். ஒரு வாக்கியத்தைச் சொல்வேன். பதில் சொல்லும் முன் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். எந்த ரவுண்ட்? எந்த பீல்ட்? யாருடைய சார்ஜ்? முதலில் சலித்துக்கொள்வார்கள். கேள்வி கேட்டால் ஆங்கிலம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம் நம் பிள்ளைகளுக்கு எலும்பு வரை ஊறியிருக்கிறது. நம் வேலையின் பாதி, அந்தப் பயத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஆறுமுகத்தின் கருமாதிகூட அப்போது முடிந்திருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்திலும் மலை வெடித்திருக்கிறது என்று செய்தி வந்தது. அங்கே போகும் பொறியியலாளருக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும். என்னைக் கேட்டார்கள், நான் சரி என்றேன். புறப்படும்போது யோகேஸ்வரி வெள்ளைச் சேலையில் வந்து ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றாள். சொந்தக்காரப் பெண்கள் அவளை ஏசினார்கள். துக்க வீட்டுப் பிள்ளை ஊர்ப்பயணம் போகலாமா என்று அத்தை கையைப் பிடித்தாள். அவள் அம்மா மட்டும் கிட்டே வந்தாள். மகளின் தோளிலிருந்து நழுவியிருந்த சேலையைச் சரிசெய்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் போனாள்.

“நான் பேசுறேன் டீச்சர். நீங்க பக்கத்துல நில்லுங்க” என்றாள் யோகேஸ்வரி.

அந்தத் தோட்டத்தில் சனங்கள் லயத்து வாசலில் கூடி நின்றார்கள். பொறியியலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச வாயெடுத்தார். யோகேஸ்வரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். பிறகு சனங்களைப் பார்த்துத் திரும்பினாள்.

“அவரு பேசுறதுக்கு மொத நான் ஒன்னு சொல்லணும். நான் சொல்றது தப்பா இருக்கலாம். வெளங்கலன்னா, எத்தன தடவன்னாலும் கேளுங்க. மொத ஒன்னு சொல்லிட்டு நானே பெறகு மாத்திச் சொன்னேன்னா, மாத்திச் சொன்னதத்தான் நீங்க கேக்கணும். மொத சொன்னதப் புடிச்சுக்கிட்டு யாரும் இருந்துறாதீங்க.”

கூட்டத்தில் ஒரு பெரியவர் சரி என்று தலையாட்டினார். அதன் பிறகுதான் அவள் திரும்பி, வெள்ளைக்காரரைப் பேசச் சொன்னாள்.